தடைக்காலத்தை 90 நாளாக்கினால் ராமநாதபுரம் கடல் தேறுமா?

கேள்வி இதுதான்: ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் போடுகிறார்கள். டீசலுக்கு வரிவிலக்கு, நிவாரணப் பணம், ஆழ்கடல் படகு என்று திட்டத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் ராமேஸ்வரம், மண்டபம், தொண்டிப் பக்கம் மீன்பாடு குறைந்துகொண்டே போகிறது, மீனவர் வீட்டுக் கடனும் தீரவில்லை. தப்பு கொள்கையிலா, விதியை மீறுகிறவர்களிடமா? தடைக்காலத்தை 90 நாளாக்கிவிட்டால் சரியாகிவிடாதா?

பாதித் தப்பு அரசிடம், பாதி மீனவர்களிடம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் கோபம் வராது. ஆனால் அது பதில் ஆகாது. இந்தக் கரையில் எல்லா விதியும் தோற்கவில்லை. சில விதிகள் பல பத்தாண்டுகளாகப் பெரிய காவல் இல்லாமலே நிற்கின்றன. சில, போட்ட நாளிலிருந்தே மீறப்படுகின்றன. நிற்கிற விதிகளைப் பார்த்தால், அவற்றால் நஷ்டப்படுகிறவர்களும் பேச்சில் உட்கார்ந்திருப்பார்கள், பலனும் அவர்கள் கண்ணுக்குச் சீக்கிரம் தெரிந்திருக்கும். நிற்காத விதிகளில் இந்த இரண்டும் இருக்காது. போதாக்குறைக்கு அரசு போடும் தடை ஒரு பக்கம் இழுக்கிறது, அரசு தரும் மானியம் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை.

முதலில் கடலைப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் நீளமான கரை ராமநாதபுரத்துக்குத்தான், ஏறக்குறைய 237 கிலோமீட்டர். ஆனால் அது ஒரே கடல் இல்லை. பாம்பன்காரர்கள் வடகடல், தென்கடல் என்று பிரித்துத்தான் பேசுவார்கள். வடக்கே தொண்டி, நம்புதாளை, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், ராமேஸ்வரம் வரை பாக் நீரிணைக் கடல். தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று மன்னார் வளைகுடா. வடகடல் ஆழமில்லாத கடல், 15 மீட்டரைத் தாண்டும் இடமே அரிது. சேறும் மணலும் கலந்த தரை, அதன்மேல் பரந்து கிடக்கும் கடற்புல். இறால் குஞ்சும் நண்டும் வளர்வது அந்தப் புல்லுக்குள். ஆவுளியா என்று நம் பக்கம் சொல்லும் கடல்பசு மேய்வதும் அதைத்தான். தென்கடலில் கரையை ஒட்டிப் பவளப்பாறைகள், தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள், அதற்கு அப்பால் ஆழம். தன்மை வேறான இந்த இரண்டு கடலுக்கும் ஒரே தேதியில் ஒரே தடை, ஒரே நிவாரணம்.

வடகடலின் நோய், விசைப்படகு கடல்தரையோடு இழுத்துப்போகும் வலையான இழுவைமடியில் தொடங்குகிறது. அதை மீனவர்கள் தாமாகக் கொண்டுவரவில்லை என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 1947இல் தொடங்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் சீக்கிரமே மண்டபத்துக்கு வந்து இங்கேதான் வளர்ந்தது. 1971இல்தான் அதன் தலைமையகம் கொச்சிக்குப் போனது. நார்வே நாட்டின் உதவியோடு 1950களில் கேரளத்தில் தொடங்கிய மீன்பிடித் திட்டத்தின் கிளை அடுத்த பத்தாண்டில் மண்டபத்துக்கும் வந்தது. இறாலுக்கு வெளிநாட்டில் டாலர் விலை கிடைத்ததும் அரசே கடனும் மானியமும் கொடுத்து விசைப்படகுகளை இறக்கியது. ஒரு தலைமுறை அந்தப் படகை நம்பி வீடு கட்டியது, பிள்ளைகளைப் படிக்கவைத்தது. இன்று அதே படகைச் சட்டவிரோதம் என்று சொல்லும்போது, கொண்டுவந்து கொடுத்தவர் யார் என்ற கேள்வியும் சேர்ந்தே வரும்.

இழுவைமடி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதி புரியும். மடியின் இரு பக்கமும் கனமான பலகைகள். படகு ஓடும்போது அவை விரிந்து மடியின் வாயைத் திறந்து வைக்கும், அடிக்கயிறு தரையை உரசிக்கொண்டே வரும். வடகடல் மாதிரி ஆழமற்ற இடத்தில் அந்தத் தரை என்பது கடற்புல்தான். இறாலைக் குறிவைத்து இழுத்தாலும் மடிக்குள் வருவது எல்லாமும்: குஞ்சு நண்டு, காரல் பொடி, கணவாய்க் குஞ்சு, விரல் நீளத்துப் பாறை மீன். இவற்றில் விலைபோகாத குவியலை ராமேஸ்வரத்தில் சங்காயம் என்பார்கள். அது மீன்தூள் ஆலைக்கும் கோழித்தீவனத்துக்கும் போகிறது. ஆறு மாதம் விட்டால் கிலோ கணக்கில் விலை கிடைக்கும் மீன், கோழிக்கு இரையாகப் போகிறது. மடியின் கடைசிப் பையில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. சங்காயத்துக்கும் ஆள் விலை கொடுக்கும்வரை அந்தக் கண்ணி அகலாது. இறால் குறைந்த நாட்களில் டீசல் செலவுக்குக் கைகொடுப்பதே சங்காயம்தான் என்று உரிமையாளர்களே சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து, கண்ணியை அளக்க அதிகாரி அனுப்புவதைவிடச் சங்காயத்தை வாங்கும் இடத்தில் கட்டுப்பாடு போடுவது பலன் தரும். ஆயிரம் படகுக்குப் பின்னால் ஓட வேண்டாம், வாங்கும் ஆலைகள் கைவிரலுக்குள் அடங்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. எழுபதுகளின் கடைசியில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் மோதல் முற்றியதை அடுத்துத்தான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் நாட்டுப்படகுக்கு, அதற்கு வெளியேதான் விசைப்படகு என்று அது பிரித்தது. இப்போது இதை ராமேஸ்வரத்தில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நேர் கிழக்கே ஏறக்குறைய 12 கடல் மைலில் இலங்கையோடு போட்ட 1974 ஒப்பந்தத்தின் எல்லைக் கோடு. முதல் மூன்றைக் கழித்தால் மீதி ஒன்பது. அந்த ஒன்பது மைல் பட்டைக்குள் நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே நாளில் மடி இழுக்க வேண்டும். சட்டத்தை அப்படியே பின்பற்றினால் பாதிப் படகுக்கு இடமே கிடையாது. ஆகவே ஒன்று கரைப்பக்கம் வந்து நாட்டுப்படகின் வலையை அறுக்கும், இல்லையென்றால் கோட்டைத் தாண்டும். இரண்டும் நடக்கிறது.

கோட்டைத் தாண்டுவதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. இலங்கையில் 1983இல் தொடங்கிய போர்க் காலத்தில் வடக்கு மாகாண மீனவர்கள் கடலுக்குப் போகவே தடை இருந்தது. அந்தப் பக்கம் மீன் பெருகிக் கிடந்தது, நம் படகுகள் அங்கே போய்ப் பழகின. 2009இல் போர் முடிந்து யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து மீனவர்கள் சின்னப் படகும் வலையுமாகத் திரும்பி வந்தபோது, அவர்கள் விரித்த வலையின்மேல் நம் மடி ஓடியது. அவர்களும் தமிழர்கள், இழந்த வீட்டை மறுபடி எழுப்பிக்கொண்டிருந்தவர்கள். 2010இல் இரு கரை மீனவர் தலைவர்களும் சென்னையில் உட்கார்ந்து பேசி, ஓராண்டுக்குள் இழுவைமடியைக் கைவிடுவது என்று ஒப்புக்கொண்டார்கள். அது நடக்கவில்லை. 2016இல் இரு நாட்டு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு அமைத்தன. 2017இல் இலங்கை தன் கடலில் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடைசெய்தது. அதற்குப் பிறகு கைதுகள் கடுமையாகின. 2024இல் மட்டும் 500க்கு மேற்பட்ட இந்திய மீனவர்கள் பிடிபட்டார்கள். படகுகள் அரசுடைமை, ஓட்டுநர்களுக்குச் சிறை, பெரும் அபராதம். கச்சத்தீவை மீட்டால் எல்லாம் சரியாகும் என்று மேடையில் பேசுவது சுலபம். 285 ஏக்கர்த் தீவு நம்மிடம் வந்தாலும் அதைச் சுற்றியுள்ள கடல்தரை அதே மடியில்தான் அறுபடும்.

ஒரு படகு பிடிபட்டால் அதில் போனவர்களில் பெரும்பாலோர் உரிமையாளர்கள் இல்லை. பங்குக்கோ கூலிக்கோ போன வேலையாட்கள். உரிமையாளர் இழப்பது படகு. வேலையாள் இழப்பது மாதக்கணக்கான வருமானம், வீட்டில் காத்திருக்கும் மனைவி தலையில் வட்டி. கொள்கை பேசும் இடத்தில் 'விசைப்படகு மீனவர்' என்ற ஒரே பெயருக்குள் இந்த இரண்டு பேரையும் போட்டு அடைக்கிறார்கள். எந்த மாற்றுத் திட்டமும் இதனாலேயே சறுக்குகிறது.

அதற்கு நல்ல உதாரணம் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம். 2017 ஜூலையில் ராமேஸ்வரத்துக்கு வந்த பிரதமர் தொடங்கிவைத்தது. பாக் நீரிணையில் ஓடும் 2,000 விசைப்படகுகளை மூன்றாண்டில் விலக்கி, அவற்றுக்குப் பதில் சூரைமீன் பிடிக்கும் தூண்டில், செவுள்வலைப் படகுகள் தருவது என்று திட்டம். படகு விலை 80 லட்சம் என்று வைத்து, மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் கையிலிருந்து 10 சதவீதம். கேட்கும்போது தாராளம்தான். மீனவர் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். கையிலிருந்து 8 லட்சம், கடன் 16 லட்சம், கூடவே பழைய படகை ஒப்படைத்துவிட வேண்டும். பெரும்பாலோர் பழைய படகின்மேலேயே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். அதை அடைக்காமல் படகைக் கொடுக்க முடியாது.

தொழில் பழக்கம் இன்னொரு பெரிய தடை. ராமேஸ்வரம் படகு காலையில் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும். சூரைக்குப் போகிற படகு வாரக்கணக்கில் கடலில் தங்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் தலைமுறையாக அதில் கெட்டிக்காரர்கள், அரபிக்கடலின் நடுவரை போய்த் தூண்டில் போடுவார்கள். நம் பக்கத்துக்காரருக்குக் கயிறும் தெரியாது, சூரை ஓடும் தடமும் தெரியாது. வடகடலிலிருந்து ஆழத்துக்குப் போக வேண்டுமானால் பாம்பன் கால்வாயைக் கடந்து தெற்கே இறங்க வேண்டும், அதுவும் ஆழம் குறைந்த வழி. தென்கடல் கரையில் மூக்கையூரில் துறைமுகமும் குந்துகாலில் இறங்குதளமும் கட்டினார்கள். அது சரியான யோசனை. ஆனால் தங்கச்சிமடத்துக் குடும்பம் மூக்கையூருக்குத் தொழிலை மாற்றுவது என்றால் ஐஸ், ஏலம், வியாபாரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் கூடவே மாற வேண்டும். படகு விலை உயர்ந்தபோது மானியக் கணக்கையும் பின்னால் திருத்தினார்கள். இருந்தும் 2,000 என்ற இலக்குக்கு அருகில்கூடத் திட்டம் போகவில்லை. மீனவர்களுக்கு மனமில்லை என்று சொல்கிறவர்கள், விலகும் படகின் வேலையாட்களுக்கு அந்தத் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதைச் சொல்வதில்லை.

இதற்கு நடுவில் டீசலைப் பாருங்கள். விற்பனை வரி இல்லாத டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் என்று இருந்தது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அதை 19,000, 4,400 என்று உயர்த்தினார்கள். பாக் நீரிணையில் இழுவையைக் குறைப்பது கொள்கை, அதே இழுவைக்கு எரிபொருளைக் கூட்டுவது மானியம். மானியத்தை வெட்டச் சொல்லவில்லை. டீசல் இல்லாமல் கடலுக்குப் போக முடியாது, விலை ஏறியதில் மீனவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த வரிவிலக்கை இழுவையை விட்டுத் தூண்டிலுக்கோ செவுள்வலைக்கோ மாறுகிறவர்களுக்குக் கூடுதலாக, மாறாதவர்களுக்கு ஆண்டுக்கு ஆண்டு குறைவாகத் தரலாம். உலக வர்த்தக அமைப்பில் 2022இல் மீன்வள மானிய ஒப்பந்தம் ஏற்கப்பட்டு 2025இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. வெளியிலிருந்து நெருக்கடி வருவதற்குள் நாமே நம் வசதிக்கு மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

சரி, நிற்கிற விதிகள் எவை?

பாக் நீரிணையில் விசைப்படகு திங்கள், புதன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. இது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. இரண்டு தரப்பும் மோதிக் களைத்து, மாவட்ட நிர்வாகத்தை நடுவில் வைத்துப் பேசி வந்த ஏற்பாடு. இதை மீறினால் மறுநாளே ஊரில் கேள்வி வரும், சங்கத்தில் பேச்சு வரும். நாட்டுப்படகுக்காரர் தன் வலையைப் பயமில்லாமல் விரிக்கிற நாள் எது என்று அவருக்குத் தெரியும். பலன் அந்த வாரத்திலேயே கைக்கு வருகிறது. கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாமல் இருப்பதையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். ஊர்க்கமிட்டி சொன்னால் நிற்கிறது. மூன்று நாள் விதியிலும் குறை உண்டு. இழுக்கும் நாள் குறைவு என்று படகில் இயந்திரத்தின் சக்தியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 240 குதிரைத்திறனுக்கு மேல் கூடாது என்று பிறகு அரசு வரம்பு போட வேண்டிவந்தது. நாளை எண்ணினால் போதாது, இழுக்கும் பலத்தையும் எண்ண வேண்டும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இதைவிட எனக்குப் பிடித்தது தென்கடல் பெண்கள் போட்டுக்கொண்ட விதி. பாம்பன் சின்னப்பாலம் முதல் ஏர்வாடிப் பக்கம் வரை பல ஊர்களில் பெண்கள் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அதில் வகை உண்டு. கையில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி எடுக்கிற வேலை. மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் வந்தது, பரப்பு 10,500 சதுர கிலோமீட்டர். தலைமுறையாகப் போய்வந்த தீவு ஒரே நாளில் தடைசெய்யப்பட்ட இடமானது. வனத்துறை விரட்டும், பாசியையும் பறிமுதல் செய்யும். அந்தப் பெண்கள் வேலையை விடவில்லை, ஒன்றாகச் சேர்ந்து பேசினார்கள். மாதத்துக்கு 12 நாள் மட்டும் எடுப்பது, பாசி வளரும் காலத்தில் 45 நாள் முழுதாக நிறுத்துவது, பவளப்பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியை விட்டுக் கையால் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வகுத்தார்கள். சின்னப்பாலத்து லட்சுமி 2015இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருதை வாங்கியது இந்த வேலைக்குத்தான். எந்த அரசாணையும் அவர்களுக்கு இந்த விதியை எழுதித் தரவில்லை. அடுத்த ஆண்டும் பாசி வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் பாசி என்றதும் கொள்கைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது வளர்ப்புப் பாசி. கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டு வகையை மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பது இங்கே 2000க்குப் பிறகு ஒரு பெரிய குளிர்பான நிறுவனத்தின் முயற்சியால் பரவியது. 45 நாளில் அறுவடை, மகளிர் குழுக்களுக்கு ரொக்கம். நல்ல காலமும் இருந்தது. 2008 வாக்கில் குருசடைத் தீவுப் பக்கம் அது பவளப்பாறையின்மேல் படர்வதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2013 வாக்கில் பாசி பெருமளவில் அழிந்து உற்பத்தி சரிந்தது. இப்போது தொண்டிக்கு அருகே வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். நான் அதை எதிர்க்கவில்லை. உள்ளூர் வகைகளை வளர்க்கும் நாற்றங்காலாக அது அமைந்தால் நல்லது. முங்கி எடுக்கும் பெண்களைப் பழைய காலத்து ஆட்கள் என்று ஒதுக்கி, மிதவை வாங்க முதல் உள்ளவர்களுக்கு மட்டும் கடலில் இடம் பிரித்துக் கொடுத்தால் அது அவர்கள் கடலை அவர்களிடமிருந்தே எடுப்பதாகும்.

கடல்தரையில் ஊரும் உயிரான கடல் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 1982இல் 3 அங்குலத்துக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யத் தடை இருந்தது. 2001இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து முழுத் தடை. மண்டபம், வேதாளைப் பக்கம் மூழ்கி எடுத்துப் பிழைத்த குடும்பங்களுக்கு அன்று மாற்று எதுவும் தரவில்லை. இன்றும் மூட்டை மூட்டையாகப் பறிமுதல் நடந்துகொண்டே இருக்கிறது, நடுவில் லாபம் கடத்தல்காரருக்கு. அந்தத் தடையால் அட்டை இனம் எவ்வளவு தேறியது என்பதை அளந்து சொல்லி, அளவுக் கட்டுப்பாட்டோடு திறக்கலாமா என்று பேசுவதற்கே தயக்கம் காட்டுவது சரியில்லை. மாறாக, பவளம் வெட்டுவதைத் தடைசெய்தது முழுக்க நியாயம். பூவரசன்பட்டித் தீவும் விலாங்குச்சல்லித் தீவும் கடலுக்குள் மூழ்கிப்போனதற்கு வெட்டு ஒரு பெரிய காரணம்.

தடைக்காலத்துக்கு வருகிறேன். 2001இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு மட்டும் நிற்கும், நாட்டுப்படகு போகலாம். இந்த ஏற்பாடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் தரை ஓய்வெடுப்பது பெரிய விஷயம். ஜூன் நடுவில் முதல் நாள் போய்வரும் படகுகளில் இறாலும் கணவாயும் நிரம்பி வருவதை ராமேஸ்வரம் துறைமுகத்தில் யாரும் பார்க்கலாம். சிக்கல் அதற்கு அடுத்துத்தான். இரண்டு மாதம் சேர்ந்ததை எல்லாப் படகும் ஒரே வாரத்தில் அள்ளப் பாய்கின்றன. விலை விழுகிறது, குஞ்சு மீனும் சேர்ந்து வருகிறது, சில வாரங்களில் கடல் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. மீனின் இனப்பெருக்கமும் எல்லா வகைக்கும் ஏப்ரல், மே மாதத்தில் வருவதில்லை. நீலக்கால் நண்டு ஆண்டின் பல மாதங்களில் சினையோடு கிடைக்கும். அந்தச் சினை நண்டைப் பிடித்ததும் கடலில் விடுவதற்கு விதி போட்டாலே வடகடல் ஊர்களுக்குப் பெரிய நன்மை. நண்டைச் சதை பிரித்து ஏற்றுமதிக்கு அனுப்பும் கூடங்களில் வேலை பார்ப்பது பெரும்பாலும் பெண்கள்தான். நண்டு குறைந்தால் முதலில் வேலை போவது அவர்களுக்கு.

நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்தது, இப்போது குடும்பத்துக்கு 8,000. 61 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 131 ரூபாய். அதுவும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் பெயர் உள்ள குடும்பத்துக்கு. ஐஸ் உடைப்பவர், மீன் சுமப்பவர், ஏலத்தில் எடுத்துப் பரமக்குடிச் சந்தைக்குப் பேருந்தில் கொண்டுபோகும் கூடைக்காரப் பெண், வலை பின்னுபவர், உள்மாவட்டத்திலிருந்து படகு வேலைக்கு வருகிறவர், இவர்களில் பலர் பட்டியலுக்கு வெளியே. அந்த இரண்டு மாதத்தில் வாங்கும் கடன், ஜூனில் மீனாக அடைக்கப்படுகிறது. முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைக் கொடுக்க வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். நாட்டுப்படகுக்காரருக்கும் இதே கதை. மீன் நிறையப் பிடித்த நாளிலும் கையில் காசு நிற்காதது இதனால்தான். கிசான் கடன் அட்டையை 2018-19இல் மீனவர்களுக்கும் விரித்தார்கள். நிலப் பத்திரம் கேட்டுப் பழகிய வங்கிக்கு வலையும் இயந்திரமும் பிணையாகத் தெரிவதில்லை. மீன் பெருகினாலும் இந்தக் கடன் முடிச்சு அவிழாவிட்டால் பெருகிய மீனின் பலன் கரைக்கு வெளியே போய்விடும். என்னைக் கேட்டால் கூட்டுறவுச் சங்கம் வழியாகத் தடைக்காலத்துக்கு வட்டியில்லாக் கடன் தருவது நிவாரணத்தை இன்னும் ஆயிரம் கூட்டுவதைவிடப் பலன் தரும். இதைச் சொன்னால் நிவாரணத்தைக் குறைக்கச் சொல்வதாக அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள், இரண்டும் வேண்டும்.

இப்போது உங்கள் 90 நாள். தொகையைக் கூட்டாமல் நாளை மட்டும் கூட்டினால் அதே 8,000 ரூபாய் நாளுக்கு 89 ஆகிறது. விசைப்படகு உரிமையாளர் அந்த 29 நாளையும் மீதி மாதங்களில் ஈடுகட்டப் பார்ப்பார். ஈடுகட்ட வழி இயந்திரச் சக்தி, இல்லையென்றால் எல்லைக் கோட்டுக்கு அப்பால். நாட்டுப்படகுக்காரருக்குக் கொஞ்சம் நன்மை உண்டு, மறுக்கவில்லை. கடல் தேறுவதற்கு அது போதாது.

29 நாளைவிட 3 கடல் மைல் பட்டை முக்கியம். கடற்புல் அடர்ந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். ஆண்டு முழுதும் அந்தப் பட்டைக்குள் மடி இறங்காமல் காத்தால் நண்டு, இறால், நாட்டுப்படகு மூன்றுக்கும் ஒரே நேரத்தில் பலன் வரும். 2022இல் பக்கத்துத் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடல்பசுப் பாதுகாப்பகம் அறிவித்தார்கள். புல்லைக் காப்பது அங்கேயும் மையம். படகுகளில் இப்போது டிரான்ஸ்பாண்டர் பொருத்தி வருகிறார்கள். படகு எந்தக் கோட்டுக்குள் எத்தனை மணி நேரம் இருந்தது என்று சொல்லக்கூடிய கருவி அது. அதை எல்லை தாண்டியதைக் கண்காணிக்க மட்டும் வைக்காமல், கரைப்பட்டைக்குள் வந்ததைச் சொல்லவும் பயன்படுத்தி, மீறிய படகின் டீசல் ஒதுக்கீட்டைக் குறைத்தால் போலீஸ் படகு துரத்த வேண்டியதில்லை. அந்தத் தகவலை மீன்துறையோடு நாட்டுப்படகுச் சங்கமும் பார்க்கும்படி வைக்க வேண்டும். யார் வலை அறுந்தது என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தானே.

அதோடு படகுகளைக் குறைக்கிற வேலையைச் சின்னதாகத் தொடங்கலாம். ஆழ்கடலுக்கே போ என்று எல்லோரையும் தள்ள வேண்டாம். வயதான உரிமையாளர்கள் பலர் பழைய கடனை அடைத்து, படகுக்கு நியாய விலை கொடுத்தால் விலகத் தயார். படகை அரசு வாங்கி உடைத்துவிட வேண்டும், உரிமத்தையும் திரும்ப யாருக்கும் தரக் கூடாது. அந்தப் படகில் வேலை செய்த நான்கைந்து பேருக்கும் தொகையில் எழுதப்பட்ட பங்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் மறுநாள் பக்கத்துப் படகில் ஏறிவிடுவார்கள்.

மாற்றம் எதுவானாலும் பேசும் காலம் முக்கியம். ஏப்ரல் முதல் வாரத்தில் சுற்றறிக்கை அனுப்பி 15ஆம் தேதி முதல் அமல் என்றால் எந்த ஊரும் ஒப்புக்கொள்ளாது. வாடைக்காற்று அடித்துப் படகுகள் கரையில் கிடக்கும் மார்கழி வாரங்களில் ஊர்க்கமிட்டி, ஜமாத், சங்கங்கள், மகளிர் குழுக்கள் எல்லோரையும் கூட்டிப் பேசினால் ஆட்கள் வருவார்கள். கூட்டத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வைத்தால் தலைவர்கள் நாலு பேர்தான் வருவார்கள். தொண்டியிலும் பாம்பனிலும் மூக்கையூரிலும் தனித்தனியாக, பாசிப் பெண்கள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வைக்க வேண்டும்.